கிருமி இருக்கும்போது வைட்டமின் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைப்பேறு தள்ளிப்போகும் ஆண்களுக்கு, "ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை (வைட்டமின் சி, ஈ போன்றவை) மூன்று மாதம் சாப்பிடுங்கள், விந்தில் உயிரணு ஏறிவிடும்" என்ற யோசனை இப்போது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. மருந்துக்கடையில் சொல்கிறார்கள், யூடியூபில் சொல்கிறார்கள், நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களும் சொல்கின்றன. முழுப் பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பால்வினைத் தொற்று வந்து போன ஆணுக்கு, அல்லது வந்து இன்னும் போகாத ஆணுக்கு, இதையே பொத்தாம் பொதுவாகச் சொன்னால் அவருடைய மாதங்கள் வீணாகும். சில நேரம் நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையே கெட்டுப்போகும். எங்கே பிசகுகிறது என்பதை உங்கள் வாசகர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

கிளமிடியா, கொனோரியா, மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம், டிரைக்கோமோனாஸ் ஆகியவை ஆணின் சிறுநீர்ப்பாதையில் குடியேறும் கிருமிகள். கொனோரியா, அதாவது நம்மூர்ப் பேச்சில் வெட்டை, பெரும்பாலும் சீழையும் எரிச்சலையும் கொண்டுவரும். ஆள் தானாகவே டாக்டரைத் தேடிப் போய்விடுவார். கிளமிடியா அப்படியல்ல. தொற்றிய ஆண்களில் பாதிப் பேருக்கு, அதற்கு மேலும்கூட, ஒரு அறிகுறியும் இருக்காது. சத்தமில்லாமல் மேலே ஏறி, விரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாயை அடையும். பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரக்கூடிய மிக மெல்லிய குழாய் அது. உயிரணு நீந்தும் திறன் பெறுவதும், வெளியே வரும்வரை காத்திருப்பதும் அங்கேதான். 35 வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்கு அது வீங்கி வலித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிளமிடியாவையும் கொனோரியாவையும்தான். அந்த வயதுக்கு மேலே சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலி முன்னால் வரும். (இடையே ஒரு எச்சரிக்கை: இளவயதில் விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் தொற்று என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்குப் போனால்தான் விரை பிழைக்கும்.)

தொற்று கருத்தரிப்பைக் கெடுப்பதில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அடைப்பு: புண் ஆறித் தழும்பாகும்போது அந்த மெல்லிய குழாய் மூடிக்கொள்கிறது. மற்றொன்று, அழற்சியால் உயிரணுவுக்கு நேரும் வேதிச் சேதம். வைட்டமின் பேச்செல்லாம் இந்த இரண்டாவதைப் பற்றியது மட்டுமே. மூடிய குழாயை எந்த மாத்திரையும் திறக்காது. இந்த ஒரு வேறுபாடு தெரியாமலே வருடக்கணக்கில் காப்ஸ்யூல் விழுங்கியவர்கள் நம் ஊர்களில் குறைவில்லை.

உயிரணு ஏன் இவ்வளவு எளிதில் அடிபடுகிறது? அதைப் போர்த்தியிருக்கும் சவ்வில் டிஹெச்ஏ போன்ற, பல இரட்டைப் பிணைப்புகள் கொண்ட கொழுப்பு அமிலங்கள் நிறைந்திருக்கின்றன. வாலை வளைத்து நீந்த அந்த நெகிழ்வு தேவை. ஆனால் சூப்பர் ஆக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்ற வினைமிகு ஆக்சிஜன் பொருட்கள் முதலில் தாக்குவதும் அந்த இரட்டைப் பிணைப்புகளைத்தான். மற்ற செல்களில் இவற்றை அடக்கும் நொதிகள், செல்லுக்குள் நிறைந்திருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில் இருக்கும். உயிரணுவோ முதிரும்போது தன் சைட்டோபிளாசத்தில் பெரும்பகுதியை உதறிவிடுகிறது. டிஎன்ஏ உடைந்தாலும் அதனால் தானாகச் சரிசெய்துகொள்ள முடியாது. கருமுட்டைதான் ஓரளவு பழுது பார்க்கும். ஆக்சிஜன் மிகுந்த சூழலில் மனித உயிரணு அசைவிழப்பதையும், பெராக்ஸைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி அதைக் காப்பாற்றுவதையும் அமெரிக்காவில் ஜான் மெக்லியாட் 1943-லேயே காட்டிவிட்டார்.

தொற்று உள்ள விந்தில் இந்தப் பொருட்களைப் பெருமளவில் கக்குவது வெள்ளை அணுக்கள். கிருமியைக் கொல்வதற்காகவே அவை இவற்றை உற்பத்தி செய்கின்றன. பக்கத்தில் இருக்கும் உயிரணுவும் சேர்ந்து அடிவாங்குகிறது. கிருமி இருக்கும்வரை வெள்ளை அணு வந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் வைட்டமின் சி, ஈ கொடுப்பது, அடுப்பை அணைக்காமல் பொங்கும் பாலுக்குத் தண்ணீர் தெளிப்பது போலத்தான். 2008-இல் மெக்சிகோ, ஸ்பெயின் ஆய்வாளர்கள் கிளமிடியாவும் மைக்கோபிளாஸ்மாவும் தொற்றிய 143 ஆண்களின் விந்தைச் சோதித்தார்கள். டிஎன்ஏ உடைந்த உயிரணுக்களின் விகிதம் நலமான ஆண்களில் இருந்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. ஆன்டிபயாட்டிக் சிகிச்சைக்குப் பிறகு அது நன்றாக இறங்கியது. ஆகவே முதல் ஆன்டிஆக்ஸிடன்ட் சிகிச்சை எது என்று கேட்டால், சரியான ஆன்டிபயாட்டிக் என்பதுதான் பதில்.

எது சரியான ஆன்டிபயாட்டிக்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதலில் கிளமிடியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை, 7 நாள். எபிடிடிமிஸ் வீக்கம் இருந்து, பால்வினைத் தொற்றே காரணம் என்று தோன்றினால், செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி 500 மி.கி. ஒருமுறை, கூடவே அதே டாக்ஸிசைக்ளின் 10 நாள். நம் நாட்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் பால்வினை நோய்ச் சிகிச்சை மையங்களில், சீழ் ஒழுகும் ஆண்களுக்கென்று அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் அடங்கிய சாம்பல் நிறக் ‘கிட்’ வைத்திருக்கிறார்கள். எதைத் தருவது என்பது டாக்டர் முடிவு. அளவுகளை இங்கே எழுதியது கடையில் நேராகப் போய்க் கேட்பதற்காக அல்ல. ‘ஒரே ஒரு மாத்திரை, இரண்டு நாளில் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுவதற்காக. மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் இன்று பல ஊர்களில் அசித்ரோமைசினுக்கு அடங்குவதில்லை. எரிச்சல் குறைந்து, கொஞ்ச நாளில் திரும்ப வந்தால், அதே மாத்திரையைத் திரும்பவும் வாங்கிப் போடுவது தவறு.

இங்கேதான் வைட்டமின் நேரடியாகக் கெடுதல் செய்கிறது. இதை யாரும் எழுதுவதில்லை. ‘ஆண்களுக்கான’ காப்ஸ்யூல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் துத்தநாகம் இருக்கிறது. சிலவற்றில் இரும்பும் மக்னீசியமும்கூட. டாக்ஸிசைக்ளின் இந்த உலோக அயனிகளோடு குடலிலேயே பிணைந்துகொள்ளும். அப்படிப் பிணைந்தது ரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடும். மாக்ஸிஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இதே கதிதான். காலை டிபனுக்குப் பிறகு இரண்டையும் ஒன்றாக விழுங்குபவருக்கு மருந்தின் அளவு குறைந்து, கிருமி பிழைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விட்டுச் சாப்பிடலாம் என்று சொல்வதுண்டு. ஆனால் டாக்ஸிசைக்ளின் பித்தநீரோடு குடலுக்குத் திரும்பி வரும் மருந்து என்பதால், இரும்புச் சத்து மாத்திரை விஷயத்தில் இடைவெளி விட்டாலும் போதாது. ஆகவே எளிய வழி: ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் அந்த 7 அல்லது 10 நாளும் சத்து மாத்திரையை முழுசாக நிறுத்திவிடுவது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் சிரப்பும் இதில் சேரும். டாக்ஸிசைக்ளினை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். ஒரு வாய்த் தண்ணீரில் முழுங்கிவிட்டு உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். அந்த வலிக்குப் பயந்தே நான்காம் நாள் மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு.

மனைவிக்கும் அதே சமயத்தில் சிகிச்சை வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் தொற்று இருவருக்குமிடையே போய்வந்துகொண்டிருக்கும். மனைவி கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், டாக்ஸிசைக்ளின் கூடாது. கிளமிடியாவுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். ஒரே வேளையில் முடிந்துவிடும் மருந்து என்றால் அதைச் சாப்பிட்ட நாளிலிருந்து 7 நாளும், 7 நாள் மருந்து என்றால் அது முடியும்வரையும், இருவரும் சேரக் கூடாது. வீட்டில் சொல்லத் தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி: கிளமிடியா அறிகுறியில்லாமல் மாதக்கணக்கில், அதற்கு மேலும்கூட உடம்பில் தங்கும். பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று அந்தச் சீட்டு சொல்வதில்லை. சிகிச்சை முடிந்தவுடன் திரும்பச் சோதிப்பதும் குழப்பத்தில்தான் விடும். பிசிஆர் வகைச் சோதனை செத்த கிருமியின் மரபுப்பொருளையும் காட்டிவிடும் என்பதால் 4 வாரத்துக்கு முன்னால் செய்து பயனில்லை. மறுதொற்று இருக்கிறதா என்று பார்க்க 3 மாதத்தில் செய்வது நல்லது.

பரிசோதனையில் நடக்கும் பிசகுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளமிடியா செல்லுக்குள் வாழும் கிருமி. ‘யூரின் கல்ச்சர்’, ‘செமன் கல்ச்சர்’ என்று வழக்கமாகச் செய்யும் சோதனைகளில் அது வளரவே வளராது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘வளர்ச்சி இல்லை’ என்று இருந்தால் கிளமிடியா இல்லை என்று அர்த்தமல்ல. பிசிஆர் சோதனைக்குக் கொடுக்க வேண்டியது சிறுநீரின் முதல் 20 முதல் 30 மில்லி. அதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழித்திருக்கக் கூடாது. நாமோ வழக்கமான சோதனைக்குப் பழகிய பழக்கத்தில் முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடித்துக் கொடுக்கிறோம். சிறுநீர்ப்பாதையின் சுவரில் இருந்த கிருமி அந்த முதல் வீச்சிலேயே கழிவறைக்குப் போய்விடுகிறது.

அடுத்தது, விந்துப் பரிசோதனைச் சீட்டில் வரும் ‘பஸ் செல் 8–10’ என்ற வரி. இதைப் பார்த்ததும் ஆன்டிபயாட்டிக்கும் வைட்டமினும் சேர்த்து எழுதப்படுவது சகஜம். நுண்ணோக்கியில் உருண்டையாகத் தெரிவதெல்லாம் சீழ் அணு அல்ல. முதிராத உயிரணுச் செல்களும் அதே மாதிரிதான் இருக்கும். பெராக்ஸிடேஸ் சாயம் போட்டால் வெள்ளை அணு பழுப்பாக மாறும், மற்றது நிறமில்லாமல் நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, சாயம் ஏறிய வெள்ளை அணு ஒரு மில்லியில் 10 லட்சம். அதற்குக் குறைவாக இருந்து, கிருமியும் இல்லையென்றால், ‘பஸ் செல்’லுக்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிடக் காரணமில்லை. சாயம் போட்டு எண்ணினார்களா என்று ஆய்வகத்தில் கேட்பது உங்கள் உரிமை. ‘ஒரு பார்வைப் புலத்தில் இத்தனை’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் போடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மாதிரி கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் விலகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்து, கையையும் உறுப்பையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஆய்வகம் தரும் அகன்ற வாய் டப்பாவில் நேராகப் பிடிக்க வேண்டும். சாதாரண ஆணுறையில் பிடித்து ஊற்றினால் அதிலுள்ள பொருட்களே உயிரணுவைக் கொன்றுவிடும். முதல் துளிகளில்தான் உயிரணு அடர்த்தி அதிகம்; அது சிந்திவிட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் கொடுக்கலாம். வீட்டிலிருந்து கொண்டுபோவதென்றால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஐஸ் பெட்டி கூடாது. முந்தைய மூன்று மாதத்தில் டெங்குவோ டைபாய்டோ வந்து கடுங்காய்ச்சல் அடித்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். காய்ச்சலே எண்ணிக்கையைக் கவிழ்க்கும்.

சீட்டைப் படிக்கும்போது, உலக சுகாதார நிறுவனக் கையேட்டின் 2021 பதிப்பு தரும் கீழ்வரம்புகள்: அளவு 1.4 மில்லி, அடர்த்தி மில்லிக்கு 1.6 கோடி, மொத்தம் 3.9 கோடி, முன்னேறி நீந்துபவை 30 சதவீதம். பலரும் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். தொற்றுக்குப் பிறகு முதலில் பார்க்க வேண்டியது அளவும் காரத்தன்மையும் (பிஹெச்). அளவு 1.4-க்குக் கீழே, பிஹெச் 7.2-க்குக் கீழே, ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை இல்லை, உயிரணுவும் இல்லை என்றால், விந்து வெளியேறும் குழாயின் முனையில் அடைப்பு இருக்கலாம். பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாதவர்களுக்கும் சீட்டு இப்படித்தான் வரும் என்பதால் டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தாக வேண்டும். அளவு சரி, ஃப்ரக்டோஸ் சரி, விரையின் பருமன் சரி, ரத்தத்தில் விரையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் சரி, ஆனால் உயிரணு பூஜ்யம் என்றால் அடைப்பு எபிடிடிமிஸில் இருக்க வாய்ப்பு அதிகம். நியூட்ரல் குளுக்கோசிடேஸ் என்ற நொதி குறைந்திருப்பது அதை உறுதிப்படுத்தும். இவர்களுக்கு நுண் அறுவையில் குழாயை இணைப்பதோ, ஊசியால் உயிரணுவை எடுத்து இக்ஸி (உயிரணுவைக் கருமுட்டைக்குள் நேராகச் செலுத்துவது) செய்வதோதான் வழி. ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தால் சீட்டில் ஒன்றுமே தெரியாமல் போகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி வைட்டமினுக்கு வருவோம். கிருமி போய், வெள்ளை அணு இறங்கி, அடைப்பும் இல்லை. ஆனாலும் உயிரணு மந்தமாகவே நீந்துகிறது, டிஎன்ஏ உடைவு அதிகமாகவே இருக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றி யோசிக்கத் தகுந்த ஆள் இவர்தான். இத்தாலியில் கடானியா மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட சிறு ஆய்வு, கிருமி இல்லாமல் அழற்சி மட்டும் மிஞ்சி, விந்தில் வெள்ளை அணு கூடியிருந்த ஆண்களைப் பற்றியது. அழற்சி குறைக்கும் மருந்தை முதலில் கொடுத்து, அதன் பிறகு கார்னிட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சத்தைக் கொடுத்தபோதுதான் நல்ல பலன் கிடைத்தது. ஆக, இங்கேயும் வரிசைதான் முக்கியம்.

பொதுவாகக் குழந்தையின்மை உள்ள ஆண்களிடம் செய்த ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஜெர்மனியில் 1999-இல் 31 பேருக்கு வைட்டமின் சி 1,000 மி.கி., ஈ 800 மி.கி. என்று 56 நாள் கொடுத்துப் பார்த்ததில் ஒரு மாற்றமும் இல்லை. ரோமில் 2005-இல் 64 பேரிடம் இரண்டையும் ஒவ்வொரு கிராம் வீதம் சோதித்தபோது டிஎன்ஏ உடைவு குறைந்தது. எண்ணிக்கையும் அசைவும் மாறவில்லை. பெரிய ஆய்வுகள் 2020-இல் வந்தன. அமெரிக்காவில் 2,370 ஆண்களுக்கு ஆறு மாதம் ஃபோலிக் அமிலம் 5 மி.கி., துத்தநாகம் 30 மி.கி., அல்லது போலி மாத்திரை கொடுத்தார்கள். குழந்தை பிறந்தது மாத்திரைக் குழுவில் 34 சதவீதம், போலிக் குழுவில் 35 சதவீதம். டிஎன்ஏ உடைவு மாத்திரைக் குழுவில் கொஞ்சம் கூடுதல். வயிற்றுக் கோளாறும் கூடுதல். அதே ஆண்டு வந்த மாக்ஸி ஆய்வில் வைட்டமின் சி 500 மி.கி., ஈ 400 மி.கி., செலினியம், கார்னிட்டின், துத்தநாகம், ஃபோலிக் அமிலம், லைக்கோபீன் எல்லாம் கலந்து, ஏறக்குறைய இன்று நம் கடைகளில் விற்கும் கலவையையே, 171 ஆண்களிடம் சோதித்தார்கள். விந்தும் மேம்படவில்லை, டிஎன்ஏவும் மேம்படவில்லை. 90 ஆய்வுகளைத் தொகுத்த 2022 காக்ரேன் மதிப்பாய்வு, குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடலாம் என்றது. ஆனால் தரம் குறைந்த ஆய்வுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பலனும் காணாமல் போகிறது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

இவற்றைப் பார்த்து வைட்டமினே வீண் என்று சொல்வது எங்கள் நோக்கமல்ல. குறைபாடு உள்ளவனுக்குக் கொடுப்பதும், போதுமான அளவு உள்ளவனுக்குக் கொட்டுவதும் வேறு வேறு. கலிபோர்னியாவில் 1991-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆண்களின் வைட்டமின் சி உணவை நாளைக்கு 250 மி.கி.-யிலிருந்து 5 மி.கி.-க்குக் குறைத்தபோது உயிரணு டிஎன்ஏவின் ஆக்சிஜனேற்றச் சேதம் ஏறக்குறைய இரட்டித்தது. திரும்பக் கொடுத்தபோது இறங்கியது. இறக்குவதற்கு 60 மி.கி.-யே போதுமானதாக இருந்தது. நம் நாட்டின் 2020 பரிந்துரை ஆண்களுக்கு 80 மி.கி. ஒரு கொய்யாப்பழம் அதைத் தாண்டிவிடும். நெல்லிக்காயும் அப்படியே, பச்சையாகத் தின்றால்; கொதிக்க வைத்தால் சி-யில் பெரும்பங்கு போய்விடும். தக்காளியின் லைக்கோபீனுக்கோ நேர்மாறு: எண்ணெயில் வதக்கிய தொக்குதான் உடம்பில் சேரும். ஈ-க்கு நிலக்கடலை, சூரியகாந்தி விதை, பாதாம். புகைபிடிப்பவர் இதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு ஒரு பாக்கெட் ஊதினால் கணக்கு நேராகாது. சிகரெட் வைட்டமின் சி-யைக் கரைப்பதோடு விந்தில் வெள்ளை அணுவையும் கூட்டுகிறது.

அளவு மீறினால் வரும் கேடுகள் ஒன்றிரண்டல்ல. உயிரணு கருமுட்டையைத் துளைக்கத் தயாராவதற்கு வினைமிகு ஆக்சிஜன் கொஞ்சம் தேவை. அதை முழுக்கத் துடைத்துவிட்டால் அந்த வேலையும் நின்றுபோகும். வைட்டமின் சி தினமும் ஒரு கிராமுக்கு மேல் போனால் ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் வாய்ப்பு கூடுகிறது. ஏற்கெனவே கல் வந்தவர்கள் தொடவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு மிகை அளவில் ரத்த அணுக்கள் உடையும். வைட்டமின் ஈ 400 யூனிட் தினமும் சாப்பிட்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக இருந்ததை அமெரிக்காவின் செலக்ட் ஆய்வு 2011-இல் வெளியிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இதே ஈ ரத்தக்கசிவைத் தரலாம். துத்தநாகம் நாளைக்கு 40 மி.கி.-க்கு மேல் நீடித்தால் உடம்பில் செம்பு குறைந்து ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும். செலினியம் 400 மைக்ரோகிராமைத் தாண்டினால் முடி கொட்டும், நகம் உடையும், வாயில் பூண்டு வாடை அடிக்கும். ஒரே மாத்திரையில் இந்த அளவு வராது. யாரோ எழுதிய ‘ஃபெர்டிலிட்டி’ காப்ஸ்யூல் ஒன்று, கடைக்காரர் கொடுத்த மல்டிவைட்டமின் ஒன்று, ஜிம்மில் சொன்ன துத்தநாகம் ஒன்று என்று சேரும்போதுதான் வரும். மூன்று டப்பாவையும் பக்கத்தில் வைத்து, லேபிளில் உள்ள மில்லிகிராமைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த லேபிளிலேயே இன்னொன்றும் இருக்கும், பொடி எழுத்தில்: ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. இவற்றில் பலவும் மருந்துச் சட்டத்தின் கீழ் அல்ல, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தில் வருபவை. வெட்டை, மேகநோய் போன்ற பால்வினை நோய்களைக் குணப்படுத்துவதாக மக்களுக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகர விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. அப்படியிருந்தும் லாட்ஜ் வைத்தியர்களின் வருகைப் பட்டியல் எங்கெல்லாம் அச்சாகிறது என்பதைப் பத்திரிகைக்காரர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

நடைமுறையில் காலக்கணக்கு இப்படி வரும். ஒரு உயிரணு விரையில் உருவாக ஏறக்குறைய 74 நாள். எபிடிடிமிஸைக் கடக்க மேலும் ஒன்றிரண்டு வாரம். ஆகவே தொற்றுச் சிகிச்சை முடிந்து 3 மாதம் கழித்து எடுக்கும் விந்துச் சோதனைதான் உண்மை நிலையைக் காட்டும். அதற்கு முன் எடுப்பது பழைய சேதத்தையே திரும்பக் காட்டும். அந்த 3 மாதமும் நல்ல சாப்பாடு, புகை இல்லை. விலக்கு நாட்கள் முடிந்ததும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை விந்து வெளியேறட்டும். சேர்த்து வைத்தால் வீரியம் கூடும் என்பது தப்புக்கணக்கு. எபிடிடிமிஸில் தேங்கிக் கிடக்கும் உயிரணுவுக்குத்தான் டிஎன்ஏ உடைவு அதிகம். 3 மாதச் சோதனையிலும் குறை இருந்தால் முதலில் வெரிகோசில் (விரைப்பையின் ரத்தக்குழாய்கள் புடைத்திருப்பது) இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும். அதன் பிறகு ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்துப் பார்ப்பதென்றால் ஒரே ஒரு தயாரிப்பு, 3 மாதம், பிறகு அதே ஆய்வகத்தில் மறுசோதனை. மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் நீட்டிப்பதற்கு ஆதாரம் கிடையாது.

இந்தக் காத்திருப்பெல்லாம் மனைவியைப் பரிசோதித்த பிறகுதான். கிளமிடியா ஆணுக்குச் செய்வதைவிடப் பெண்ணின் கருக்குழாய்க்குச் செய்யும் கேடு அதிகம், அதுவும் சத்தமில்லாமல். கணவருக்குத் தொற்று இருந்தது தெரிந்தால், அவர் வைட்டமின் மாத்திரை சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திராமல், இருவருக்கும் சிகிச்சை முடிந்த கையோடு மனைவிக்குக் கருக்குழாய் எக்ஸ்ரே எடுத்துவிடலாம். கிருமி இருக்கும்போது அந்த எக்ஸ்ரே எடுத்தால் தொற்று மேலே தள்ளப்படும் என்பதால் வரிசையை மாற்றக் கூடாது. இரண்டு குழாயும் அடைத்திருந்தால் கணவரின் உயிரணு எத்தனை கோடி ஏறியும் இயற்கையாகக் கருத்தரிக்காது. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் வைட்டமின் சோதனைக்கென்று தனியாக ஆறு மாதம் ஒதுக்கவே கூடாது. குழந்தைப்பேறு மருத்துவரிடம் இருவரும் உடனே போக வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்ட மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுக்கென்று இயங்கும் ‘சுகவாழ்வு மையம்’ சோதனையையும் மருந்தையும் இலவசமாகவே தருகிறது. ஹெச்ஐவி, சிபிலிஸ் சோதனைகளையும் அதே வருகையில் முடித்துக்கொள்ளலாம். எங்கே இருக்கிறது என்று கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண் உண்டு. நலவாழ்வுப் பக்கத்தில் அடுத்த முறை ‘உயிரணு பெருக’ என்று குறிப்பு வெளியிடும்போது, துத்தநாகத்தையும் டாக்ஸிசைக்ளினையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்ற ஒரு வரியையும் இந்தத் தொலைபேசி எண்ணையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விந்துப் பரிசோதனைக் கூட ஊழியர்கள்,
மதுரை